பொம்பெய்க்கு முன்னால் ஹெர்குலேனியம்: குடும்பத்தோடு ரோமானிய இடிபாடுகளைப் பார்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. மே மாத விடுமுறையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் இத்தாலிக்குச் செல்கிறது: கணவன், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன், முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாயார். ரோமில் ஐந்து இரவுகள் தங்கி, நடுவில் ஒரு நாள் காலையில் பொம்பெய் போய் இரவு திரும்புவதாகத் திட்டம். அந்த ஒரு நாள் போதுமா, உடைந்த சுவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடுமா, அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, புறப்படும் முன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெய் போய்வரும் திட்டத்தைக் கைவிட்டு, ரோமில் இரண்டு இரவுகளைக் குறைத்து, அவற்றை நேப்பிள்ஸில் கழியுங்கள். வந்து சேரும் நாளிலேயே பிற்பகலில், பொம்பெயோடு அதே எரிமலை வெடிப்பில் புதைந்த சிறிய ஊரான ஹெர்குலேனியம், மறுநாள் பொம்பெயின் ஒரு பகுதி மட்டும், புறப்படும் நாள் காலையில் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் என்ற வரிசையில் பாருங்கள். மூன்று இரவுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. எத்தனை நாட்கள் என்பதைவிட இந்த வரிசை முக்கியம் என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தைத்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதியில் விளக்கப்போகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் மத்திய நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம் ஆகும். அங்கே இறங்கிக் கீழ்த்தளத்திலுள்ள சர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலுக்கு மாறி, கூட்டத்தோடு 35 முதல் 40 நிமிடம் பயணம் செய்ய வேண்டும். விடுதியிலிருந்து கிளம்புவது, ரயிலுக்குக் காத்திருப்பது, நுழைவாயில் வரிசை எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் போய்விடும். நண்பகல் வெயிலில் நிழலற்ற ஊருக்குள் நுழைந்து, திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடும் நாளாக அது முடியும். முழங்கால் வலியுள்ளவரையும் 8 வயதுச் சிறுவனையும் அப்படி அலைக்கழிப்பது நியாயமில்லை.

நேப்பிள்ஸில் தங்கவே முடியாது என்றால், பொம்பெயை விட்டுவிட்டு ஓஸ்தியா அந்திகாவுக்குப் போகுமாறு தயங்காமல் சொல்வேன். டைபர் நதியின் முகத்துவாரத்தில் ரோமின் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. ரோமின் பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டியுள்ள போர்ட்டா சான் பாவ்லோ நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். எரிமலை அதை அழிக்கவில்லை. வணிகம் குறைந்து, ஆற்று மணல் படிந்து, மக்கள் மெல்ல மெல்ல விட்டுச் சென்ற ஊர். மாடிக் குடியிருப்புகளின் செங்கல் சுவர்கள், பலர் அருகருகே அமரும் பொதுக் கழிப்பறை, கப்பல் வணிகர்களின் அலுவலக வாசல்களில் யானையும் கப்பலும் கலங்கரை விளக்கமும் பதித்த கறுப்பு வெள்ளைத் தரைகள் எல்லாம் அங்கே உண்டு. பைன் மரங்களின் நிழலும், பெரும்பாலும் சமதளமும் இருப்பது அம்மாவுக்கு உதவும். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

இப்போது ஹெர்குலேனியத்துக்கு வருகிறேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது காற்று தென்கிழக்கு நோக்கி வீசியது. அந்தத் திசையில் இருந்த பொம்பெயின்மீது நுரைக்கல் மழை மணிக்கணக்கில் பொழிந்தது. பாரம் தாங்காமல் கூரைகளும் மாடிகளும் சரிந்தன. மறுநாள் காலை சூடான வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் வந்து, எஞ்சியிருந்தவர்களைக் கொன்றன. கடலோரத்தில், மலையின் மேற்குப் பக்கம் இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் அதிகம் விழவில்லை. ஆனால் நள்ளிரவுக்குப் பின் அதே கொதிக்கும் அலைகள் அடுத்தடுத்து இறங்கி, ஊரை ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்கு மூடி, கல்லாக இறுகிவிட்டன. காற்றுப்படாமல் வெந்ததால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகவே நின்றது. ஆகையால் பொம்பெயில் பெரும்பாலும் கிடைக்காதவை ஹெர்குலேனியத்தில் கிடைக்கின்றன: மாடிகள், உத்தரங்கள், கதவுகள், படிக்கட்டுகள், கட்டில்கள், அலமாரிகள்.

பிள்ளைகளுக்குச் சலிப்பு வருமா என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. கூரையில்லாத சுவர்களை மட்டும் முதலில் பார்க்கும் குழந்தைக்கு எது வாசல், எது அறை, எது கடை என்று விளங்குவதில்லை. அரை மணி நேரத்தில் எல்லாத் தெருவும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். பெரியவர்களுக்கும் அப்படித்தான், அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே. ஹெர்குலேனியத்தில் வீடு ஏறத்தாழ வீடாகவே நிற்கிறது. அங்கே ஒரு வீட்டின் அமைப்பு கண்ணில் பதிந்துவிட்டால், மறுநாள் பொம்பெயில் இடுப்பளவுச் சுவரைப் பார்த்தும் பிள்ளைகளே மாடியைக் கற்பனையில் எழுப்பிக்கொள்வார்கள்.

அகழப்பட்ட பகுதி ஏறத்தாழ நாலரை ஹெக்டேர்தான். மீதி ஊர் இன்றைய எர்கொலானோ நகரத்தின் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. நுழைவாயிலிலிருந்து நீண்ட சரிவுப் பாதையில் நடக்கும்போது இடிபாடுகள் முழுவதும் கீழே தெரியும். அந்த இடத்தில் சற்று நின்று, எதிரே மேல்விளிம்பில் மக்கள் குடியிருக்கும் கட்டடங்களையும் கீழே பழைய கூரைகளையும் ஒருசேரப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 20 மீட்டர் என்ற எண் அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். இங்கே 1738 முதல் சுரங்கம் தோண்டிச் சிலைகளை எடுத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் திறந்தவெளி அகழ்வை 1927இல் தொல்லியலாளர் அமெதேயோ மாயூரி தொடங்கினார்.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் மரத் தடுப்பு வீட்டுக்கு. வாசலைத் தாண்டியதும் நடுவில் திறந்த கூரையும், அதற்கு நேர் கீழே மழைநீர் விழும் ஆழமற்ற தொட்டியும் கொண்ட கூடம் வரும். செட்டிநாட்டு முற்றத்தைப் பார்த்துப் பழகிய உங்கள் அம்மாவுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. வெளிச்சமும் காற்றும் மழைநீரும் ஒரே திறப்பின் வழியே வீட்டுக்குள் வருவதை அவர் பேரனுக்குச் சொல்லட்டும். அந்தக் கூடத்தையும் அதற்குப் பின்னுள்ள வரவேற்பு அறையையும் பிரிக்கும் மரக்கதவுகள்தான் வீட்டின் பெயருக்குக் காரணம். கரிந்து கறுத்த பலகைகள் இன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. அருகே குனிந்து பார்த்தால் சதுரச் சட்டங்களை இழைத்த தச்சரின் வேலைப்பாடும், விளக்கு மாட்டுவதற்காகப் பதித்த வெண்கலக் கொக்கிகளும் தெரியும். மாலையில் விளக்கேற்றிக் கதவை மூடிய ஒரு வீடு இது என்பதைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் வேண்டாம். அடுத்து, மரச்சட்டங்களுக்கு இடையே கல்லும் சாந்தும் நிரப்பிக் கட்டிய கிராத்திச்சியோ வீடு. தெருவை நோக்கிய மேல்மாடத்தோடு இன்னும் நிற்கும் அந்த வீடு, வசதி குறைந்த பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த இடம். செல்வந்தர்களின் மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டு ரோமானியர்கள் எல்லோரும் அப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதைத் தவறாமல் காட்டுங்கள்.

நெப்டியூன் வீட்டின் பின்சுவரில் நீலமும் பச்சையுமான கண்ணாடித் துண்டுகளால் இழைத்த கடல் தேவனும் தேவியும் இருக்கிறார்கள். சுற்றிலும் உண்மையான சிப்பிகளைப் பதித்திருக்கிறார்கள். அதே வீட்டை ஒட்டிய கடையில் கரிந்த மரப் பரண் ஒன்றும், அதில் அடுக்கிய மண்சாடிகளும் அப்படியே இருக்கின்றன. என் கருத்தில் அந்தக் கடைதான் மொசைக்கைவிடப் பெரிய அதிசயம், ஆனால் கூட்டம் மொசைக்கோடு திரும்பிவிடுகிறது. குளியலகத்தின் பெண்கள் பகுதியில் துணி வைக்கும் மாடத்தட்டுகளும், தரையில் திரிதன் என்ற மீன்வால் கொண்ட கடல் தேவனும் கெடாமல் இருப்பதை உங்கள் மகள் விரும்புவாள்.

ஊரின் கீழ்விளிம்பில்தான் பழைய கடற்கரை. கடல் இன்று அங்கிருந்து சில நூறு மீட்டர் விலகிவிட்டது. படகுகளை இழுத்து வைக்கும் வளைவான அறைகளில் தஞ்சம் புகுந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980 முதல் அங்கே கண்டெடுக்கப்பட்டன. அறைகளில் இப்போது அவற்றின் நகல்கள் இருக்கின்றன. சீரமைக்கப்பட்ட கடற்கரை 2024 ஜூனில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. உங்கள் மகனுக்கு 8 வயதுதான் என்பதால், அங்கே இறங்கும் முன் என்ன பார்க்கப்போகிறான் என்பதைச் சொல்லுங்கள். பார்க்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பாட்டியோடு மேலேயே இருக்கலாம்.

போய்வரும் வழி: நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்திலுள்ள கரிபால்தி நிலையத்திலிருந்து அதே சர்க்கும்வெசுவியானா ரயிலில் சுமார் 20 நிமிடத்தில் எர்கொலானோ ஸ்காவி நிலையம் வரும். அங்கிருந்து நேர் தெருவில் பத்து நிமிட நடை. போகும்போது இறக்கம், திரும்பும்போது அதே தூரம் ஏற்றம். களைத்த முழங்காலுக்கு அந்த ஏற்றம் கடினம், ஆகவே திரும்புவதற்கு மட்டும் டாக்ஸியை யோசித்து வையுங்கள். நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் போதும். ரயிலில் கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜேப்படி அந்தத் தடத்தில் உண்மையான தொல்லை.

பொம்பெயின் அளவு வேறு. மதிலுக்குள் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு அகழப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழையும் குடும்பம் நான்கு மணி நேரத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்: கிழக்கிலுள்ள வட்டரங்கத்தின் பக்கம் தொடங்கி மேற்கே ஊர்ச்சதுக்கம் வரை செல்லும் அபொந்தான்சா தெரு. நுழைவாயில்களில் பியாட்சா அன்ஃபிதியாத்ரோ என்பதைத் தேர்ந்தெடுத்தால், சக்கர நாற்காலியும் போகும்படி மேடுபள்ளம் குறைத்துச் சீரமைத்த, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் ‘அனைவருக்கும் பொம்பெய்’ பாதையும் அங்கேயே தொடங்குகிறது. பெரும்பாலானோர் மேற்கு வாசலான போர்ட்டா மரினா வழியாக நுழைவதால், காலையில் கிழக்குப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும்.

வட்டரங்கம் ஏறத்தாழ கி.மு. 70இல் கட்டப்பட்டது, கல்லால் கட்டி இன்றுவரை நிற்கும் வட்டரங்கங்களில் நமக்குத் தெரிந்து இதுவே பழமையானது. ரோமின் கொலோசியத்தைவிட 150 ஆண்டு மூத்தது. கி.பி. 59இல் இங்கே நடந்த, வாள்வீரர்கள் மோதும் கிளாடியேட்டர் போட்டியின்போது பொம்பெய்க்காரர்களுக்கும் அண்டை ஊரான நுசேரியாவின் ரசிகர்களுக்கும் கலவரம் மூண்டு, பலர் உயிரிழந்து, பத்தாண்டுகளுக்கு இத்தகைய போட்டிகளை நடத்தக் கூடாது என்று ரோம் தடை விதித்தது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். கலவரத்தை வரைந்த சுவரோவியம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கும் சிறுவனுக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிடும்.

தெருவில் நடக்கத் தொடங்கியதும் மகனைத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிச் சக்கரங்கள் எரிமலைக்கல்லில் அரைத்த தடங்கள், விரலை விட்டு ஆழம் பார்க்கும் அளவுக்கு இருக்கின்றன. தெருவைக் கடக்கக் குறுக்கே பெரிய கற்களைப் போட்டு, அவற்றின் இடையே சக்கரம் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். மழைநீரும் கழிவும் தெருவிலேயே ஓடியதால்தான் அந்தக் கற்களும், அவ்வளவு உயரமான நடைபாதைகளும் தேவைப்பட்டன. அந்த உயரத்திலிருந்து இறங்கி ஏறுவதுதான் அம்மாவுக்குக் கடினமான வேலை. ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும்.

முக்குகளில் கல்தொட்டியோடு பொதுக் குழாய்கள் வரும். இத்தகைய நீரூற்றுகள் ஊரில் சுமார் 40 இருந்தன. மேட்டுப்பகுதியிலிருந்த நீர்த்தொட்டியிலிருந்து ஈயக் குழாய்கள் வழியே அவற்றுக்குத் தண்ணீர் வந்தது. நீர் விழும் முகத்துக்குப் பக்கத்தில் தொட்டியின் விளிம்பைக் கவனியுங்கள். குனிந்து குடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கையூன்றியதால் கல் பள்ளமாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக் குனிந்தாலும் கை தானாக அங்கேதான் போகும். அவற்றில் பலவற்றில் இன்று குடிநீர்க் குழாய் பொருத்தியிருப்பதால் பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளலாம்.

வழியெங்கும் தெருவோர உணவுக் கடைகள். பளிங்குத் துண்டுகள் பதித்த மேடையும், அதில் புதைத்த வட்டவாய்ச் சாடிகளும் இருந்தால் அது உணவுக் கடை. வெதூத்தியுஸ் பிளாசிதுஸின் கடையில் பின்சுவரில் வீட்டுத் தெய்வங்களின் மாடம் வண்ணத்தோடு இருக்கிறது. அங்கே ஒரு சாடிக்குள் சில்லறைக் காசுகள் ஏறத்தாழ மூன்று கிலோ கிடைத்தன, கடைக்காரர் திரும்பி வந்து எடுக்கலாம் என்று விட்டுச் சென்றவை போலும். 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மற்றொரு கடையின் மேடையில் சேவலும் தலைகீழாகத் தொங்கும் வாத்துகளும் வரையப்பட்டிருந்தன. சாடிகளின் அடியில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. சமைக்க வசதியில்லாத வீடுகளில் வாழ்ந்தவர்களில் பலர் இப்படித்தான் சாப்பிட்டார்கள். சுவர்களில் சிவப்பு எழுத்துகள் கண்ணில் பட்டால் அவை பெரும்பாலும் தேர்தல் விளம்பரங்கள்: இன்னாரைத் தேர்ந்தெடுங்கள், தகுதியானவர் என்று பழ வியாபாரிகளும் அக்கம்பக்கத்தாரும் எழுதியவை.

காஸ்தி அமாந்தி என்ற கட்டடத் தொகுதியைத் தவறவிடாதீர்கள். 2024 மே மாதம் முதல் உயர நடைபாதையிலிருந்து அகழ்வுப் பணியையே கீழே பார்க்கலாம். பேக்கரியும், கழுதை கட்டிச் சுற்றிய எரிமலைக்கல் திருகைகளும் அங்கே உண்டு. அந்தத் தொகுதியின் ஒரு வீட்டுச் சுவரில், குழந்தையின் உயரத்தில், கரித்துண்டால் வரைந்த கிளாடியேட்டர்களும் வேட்டைக் காட்சிகளும் கையை வைத்துச் சுற்றிக் கோடிட்ட படமும் கண்டுபிடிக்கப்பட்டன. வரைந்தவர்களுக்கு ஐந்து முதல் ஏழு வயது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் மகனைவிடச் சற்று இளையவர்கள். அங்கிருந்து ஸ்தாபியன் குளியலகம், பிறகு ஊர்ச்சதுக்கம். சதுக்கத்தில் வெசூவியஸ் நேரே பின்னணியில் நிற்கும். அத்தோடு போதும். போர்ட்டா மரினாவின் கல்சரிவு செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் அம்மாவை அந்த வழியில் இறக்காமல், அருகிலுள்ள சிறு அருங்காட்சியகத்தின் லிஃப்டைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு விஷயங்களைப் பெற்றோர் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, மனித வார்ப்புகள். 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி, உடல்கள் மட்கியதால் சாம்பலில் உண்டான வெற்றிடங்களில் பிளாஸ்டரை ஊற்றி இறந்தவர்களின் உருவங்களை மீட்டார். வட்டரங்கத்துக்கு அருகே ‘தப்பி ஓடியோர் தோட்டம்’ என்னும் இடத்தில் குழந்தைகள் உட்பட 13 பேரின் வார்ப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. இவை சிலைகள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. உள்ளே எலும்புகள் இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது என்பதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அங்கே செல்ஃபி எடுப்பவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இன்னொன்று, ரோமானியர்கள் ஆண்குறி உருவங்களைத் தீங்கு விலக்கும் சின்னமாகவும் வளத்தின் அடையாளமாகவும் தெருவிலும் வாசலிலும் வைத்தார்கள். 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட வெத்தீ வீட்டின் நுழைவிலேயே அப்படி ஒரு பெரிய ஓவியம் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளின் செல்வத்தைக் காட்டும் மிகச் சிறந்த வீடு அது; மகளிடம் முன்பே இயல்பாகச் சொல்லிவிட்டால் சங்கடம் எழாது. லூபனார் எனப்படும் பரத்தையர் இல்லத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம். வரிசை நீளம், பார்ப்பதற்கும் அதிகம் இல்லை.

பிள்ளைகளுக்கு முன்கூட்டி என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பேரரசர்களின் பட்டியல் வேண்டாம். மகளுக்கு இரண்டு பிளினிகளின் கதையைச் சொல்லுங்கள். மூத்த பிளினி மிசேனம் துறைமுகத்தில் கடற்படைத் தளபதி. மலைமேல் குடைபோல் விரிந்த மேகத்தைக் கண்டு, முதலில் ஆராயவும் பிறகு மக்களைக் காப்பாற்றவும் கப்பல்களோடு கிளம்பி, ஸ்தாபியே கரையில் இறந்துபோனார். 17 வயதான அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி மிசேனத்தில் தங்கிவிட்டு உயிர் பிழைத்து, பிற்பாடு டாசிட்டஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்தான் நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சாட்சியம். இந்த மூத்த பிளினிக்கும் தமிழர்களுக்கும் உண்மையான தொடர்பு ஒன்றும் உண்டு. தம் இயற்கை வரலாற்று நூலில் முசிறித் துறைமுகத்தையும், உள்நாட்டில் மதுரையில் வீற்றிருந்த பாண்டிய மன்னனையும், ஒற்றைமர ஓடங்களில் மிளகு கொண்டுவரப்படுவதையும் அவர் குறிப்பிடுகிறார். கரும்மிளகு ஒரு ராத்தல் நான்கு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையும் தருகிறார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் பணத்தைப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று குறைபட்டுக்கொள்கிறார். மதுரையின் பெயரை எழுதிய கை, வெசூவியஸின் வெடிப்பில் ஓய்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த மலையைப் பார்க்கும் பெண்ணுக்கு ஊர் வேறுவிதமாகத் தெரியும். வெடிப்பு ஆகஸ்ட் 24 என்று பழைய நூல்கள் கூறும். 2018இல் கண்டெடுக்கப்பட்ட, அக்டோபர் 17க்கு இணையான தேதியிட்ட கரி எழுத்து ஒன்று அக்டோபரே சரியாக இருக்கலாம் என்ற கருத்தை வலுப்படுத்தியிருக்கிறது. இந்த விவாதத்தையும் அவளிடம் சொல்லுங்கள், வரலாறு இன்னும் முடியாத வேலை என்பது புரியும்.

மகனுக்கு வேறு வேலை. ஃபியொரெல்லி ஊரை ஒன்பது வட்டாரங்களாகவும், அவற்றைத் தொகுதிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் தந்தார். அந்தப் பலகைகள் இன்றும் மூலைச் சுவர்களில் இருக்கின்றன. நுழைவாயிலில் கிடைக்கும் வரைபடத்தை அவன் கையில் கொடுத்து, வழி கண்டுபிடிக்கும் பொறுப்பையும் ஒப்படையுங்கள்.

அருங்காட்சியகத்தை மூன்றாவதாக வைக்கச் சொன்னதற்குக் காரணம், இடிபாடுகளில் காலியாகக் கண்ட அறைகளுக்குரிய பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன. ஃபான் வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த அலெக்சாந்தர் மொசைக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொம்பெயில் தரையில் கிடப்பது நகல். எட்டுத் துண்டுகளாகக் கீறிச் சுட்டு, கரியாகிப்போன வட்ட ரொட்டிகளில் ஒன்று ஹெர்குலேனியத்தில் கிடைத்தது. கிராணியுஸ் வேருஸின் அடிமை செலேர் என்ற முத்திரையை அதில் படிக்கலாம். 1:100 அளவில் 19ஆம் நூற்றாண்டில் செய்த பொம்பெய் மாதிரி ஒரு கூடத்தையே நிரப்பியிருக்கிறது. முந்தைய நாள் நடந்த தெருவை அதில் மகன் தேடட்டும். அபொந்தான்சா தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் 1938இல் கிடைத்த, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்திய யானைத்தந்தப் பெண்ணுருவமும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. லட்சுமி என்று முதலில் கருதப்பட்டது, இன்று பலரும் யட்சி என்கிறார்கள். இதைத் தமிழகப் பொருள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். இதையொத்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

சில நடைமுறைக் குறிப்புகள். பொம்பெய்க்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் மட்டுமே என்ற வரம்பு 2024 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு இனிஷியல் ஓரிடத்திலும் அதன் விரிவு இன்னோரிடத்திலும் இருப்பதால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியுங்கள், பாஸ்போர்ட்டையும் கொண்டுபோங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவராயினும் கட்டணமில்லை, ஆனால் அவர்களுக்கும் பெயரோடு சீட்டு எடுக்க வேண்டும். 30 × 30 × 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பைகளை உள்ளே விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்பதாலேயே அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மே மாத வெயில் நமக்குக் கடுமையாகத் தோன்றாது. ஆனாலும் நிழல் இல்லாத கல்தரையில் தொப்பியும், வழுக்காத அடியுள்ள மூடிய காலணியும் அவசியம். சைவம் சாப்பிடுவோருக்கு நேப்பிள்ஸில் சிரமமில்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் சீஸ்கூடக் கிடையாது. ரயில் பலகைகளில் ஊரின் பெயர் நாப்போலி என்றே இருக்கும்.

இரண்டாம் நாள் காலை அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்தால், பொம்பெயை உங்களில் ஒருவர் பிள்ளைகளோடு பார்த்துவரட்டும். மற்றவர் அம்மாவோடு நேப்பிள்ஸிலேயே இருக்கலாம். அவர் ஹெர்குலேனியத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார் என்பதால் பெரிதாக எதையும் இழக்கமாட்டார். சீட்டுகளை வாங்கும் முன் நாட்காட்டியை மட்டும் ஒருமுறை பாருங்கள்: நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஆகவே நீங்கள் ரோமுக்குத் திரும்பும் நாள் செவ்வாயாக அமையாதபடி தங்கும் இரவுகளைப் பதிவு செய்யுங்கள்.